30-ஆம் வாரத்தில் 5.8: மலைக்கிராமத்தில் கர்ப்பகாலக் கடும் ரத்தசோகை, ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு பெண்ணின் கோப்பு அல்ல. தமிழ்நாட்டு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமையை ஒரு தாயின் கர்ப்பமாகக் கோர்த்திருக்கிறோம். அளவுகளும் மருந்துகளும் நடைமுறையில் உள்ளவை.

வயது 24, மூன்றாவது கர்ப்பம். மூத்தது நாலு வயது. இளையது ஒன்றரை வயது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. நவம்பர் கடைசியில் 14-ஆம் வாரத்தில் பதிவு செய்தபோது எடை 41 கிலோ, ஹீமோகுளோபின் 9.2 (100 மி.லி. ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு; இனி வரும் எண்களும் அதே). பொங்கல் முடிந்ததும் கணவரோடு சமவெளிக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போனார். மார்ச் நடுவில் திரும்பி வந்தபோது 30-ஆம் வாரம். கல் சுமந்து நாலு எட்டு வைத்தால் மூச்சிரைக்கிறது, கால் வீங்குகிறது, படபடப்பு. பச்சரிசி அள்ளித் தின்கிற பழக்கம் இரண்டு மாதமாக இருக்கிறது; இரும்புக் குறையில் வரும் ஆசை அது. நிலையத்து டிஜிட்டல் மீட்டரில் 6.1, தாலுகா மருத்துவமனையின் செல் கவுண்டரில் 5.8.

கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே ரத்தசோகை, 7-க்குக் கீழே கடும் ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் முதல் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், தமிழ்நாட்டில் 48.3. கடும் வகை இவர்களில் சிறு பங்குதான், ஆனால் சாவு அங்கேதான் குவிகிறது. 29 நாடுகளில் 3,12,281 கர்ப்பங்களை எடுத்துப் பார்த்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பிற காரணங்களைக் கழித்த பிறகும் கடும் ரத்தசோகை தாய் இறப்பு வாய்ப்பை இரு மடங்குக்கும் மேலாக்கியது.

9.2 எப்படி 5.8 ஆனது

பதிவேட்டைப் பார்த்தால் குறையே தெரியாது. 100 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாயிற்று, பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, கால்சியம் கொடுத்தாயிற்று. எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: இரண்டாவது ஹீமோகுளோபின்.

9.2 என்பது நடுத்தர ரத்தசோகை. அதற்கு 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள சிவப்பு மாத்திரை நாளுக்கு இரண்டு. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். 1 கிராமாவது ஏறாவிட்டால் மேலே அனுப்ப வேண்டும். 18-ஆம் வாரத்தில் அவர் நிலையத்துக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு மீட்டருக்கு ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று எழுதப்பட்டிருக்கிறது. வெளிறலைக் கண்ணால் பார்ப்பது 5-க்கும் 10-க்கும் வித்தியாசம் சொல்லும். 7.5-க்கும் 9-க்கும் சொல்லாது.

மாத்திரை என்ன ஆனது? 'மாத்திரை சாப்பிடறியா கண்ணு?' என்று கேட்டால் பதில் எப்போதும் 'ஆமாங்க'தான். கேட்க வேண்டிய விதம் வேறு. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போய், மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். துணிப்பையில் இருந்து வந்த பத்து அட்டைகளில் ஆறு பிரிக்கப்படாதவை.

'நேத்து எப்ப சாப்பிட்ட?'

'காலைல டீயோடதாங்க நர்சம்மா. வெள்ளை மாத்திரையையும் சேத்து ஒரே வாயில போட்டுக்குவேன்.'

பாதிக் கதை இந்த ஒரு வரியில் இருக்கிறது. டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீயே இரும்பு ஏறுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். வெள்ளை மாத்திரை கால்சியம். அதுவும் இரும்புக்குப் பகை. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். மீதி அறுபது மாத்திரையைச் சாப்பிடாததற்குக் காரணங்கள்: மலம் கறுத்தது, குமட்டியது, 'மாத்திரை சாப்பிட்டா புள்ள பெருசாயிடும், சுகப்பிரசவம் ஆகாது' என்று மாமியார் சொன்னது. மலம் கறுக்கும், அது மாத்திரை உள்ளே போனதற்கு அடையாளம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பயம் பாதி குறைந்திருக்கும். மாமியாரிடம் அதை யாரும் சொல்லவேயில்லை. மாத்திரை பற்றிய பேச்சை மருமகளிடம் மட்டும் பேசிவிட்டு வருவது நேர விரயம்.

பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல் 400 மி.கி., முதல் மூன்று மாதம் கழிந்தபின் ஒரே வேளை. கையில் கொடுத்தனுப்பினார்கள், விழுங்கவில்லை. செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடக்கும் ஊரில் கொக்கிப்புழு சாதாரணம். நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மி.லி. ரத்தம் உறிஞ்சும், ஆன்சைலோஸ்டோமா அதைப்போல ஐந்து மடங்கு. குடலில் சில நூறு புழு இருந்தால், மாத்திரையில் ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம்.

இதற்கு மேல் கர்ப்பத்தின் சொந்தக் கணக்கு. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1,000 மி.கி. இரும்பு வேண்டும், பெரும்பகுதி பின்பாதியில். இரண்டு பிரசவத்துக்கு இடையே உடம்பு தேற நேரமே இல்லாத இவருக்குச் சேமிப்பு ஏற்கெனவே காலி. பிளாஸ்மா அளவும் 32–34 வாரம் வரை பெருகுவதால் எண் இன்னும் இறங்கும். ஆனால் 'கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போவது இயல்புதானே' என்று சொல்லி 5.8-ஐக் கடந்துபோக முடியாது. நீர்த்தல் மட்டும் யாரையும் 7-க்குக் கீழே கொண்டுபோகாது.

படுக்கையருகே பார்த்தவை

நாடித்துடிப்பு 112, மூச்சு நிமிடத்துக்கு 24, ரத்த அழுத்தம் 100/60. நாக்கு வழவழப்பாக, நகம் தட்டையாக. கணுக்கால் வீக்கம் இருக்கிறது. சிறுநீரில் புரதம் இல்லை, அழுத்தமும் ஏறவில்லை, ஆகவே இது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தச் சிக்கல் அல்ல. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. நுரையீரல் அடிப்பகுதியில் நொறுநொறுப்புச் சத்தம் இல்லை, மல்லாந்து படுக்க முடிகிறது. இந்தக் கடைசி மூன்றும் சேர்ந்துதான் இதயம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று சொல்கின்றன. இதயத்தில் சிஸ்டாலிக் (இதயம் சுருங்கும்போது கேட்கும்) முணுமுணுப்பு. கடும் ரத்தசோகையில் வரும். டயஸ்டாலிக்காக (விரியும்போது கேட்பதாக) இருந்தால் வாதக் காய்ச்சல் பாதித்த வால்வு என்று நினைத்து எக்கோ எடுக்க வேண்டும்.

ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டியது. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கருவி இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்றுதான் சொல்லும்; ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. பத்து லாரி ஓட வேண்டிய இடத்தில் ஐந்து லாரி ஓடினாலும், ஐந்தும் முழுச்சுமை ஏற்றியிருந்தால் 98 வரும்.

இன்னொரு ஆபத்து குளுக்கோஸ் பாட்டில். 'ரொம்ப சோர்வா இருக்கா, ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று குடும்பமே கேட்கும். ஏற்கெனவே நிறைந்த சுற்றோட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தில் அரை மணி நேரத்தில் 500 மி.லி. நீரை இறக்கினால், காலையில் மூச்சிரைப்போடு நடந்து வந்தவர் மாலையில் நுரையீரலில் நீர் கோத்து உட்கார்ந்தபடி தவிப்பார். கடும் ரத்தசோகையில் சோர்வுக்கு டிரிப்ஸ் கிடையாது.

என்ன வகை ரத்தசோகை

செல் கவுண்டர் தாள்: எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, எம்.சி.எச். (ஓர் அணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 18.7, சிவப்பணு எண்ணிக்கை 31 லட்சம், ஆர்.டி.டபிள்யூ. (அணுக்களின் அளவு வேறுபாடு) 21, தட்டணு 4.6 லட்சம். சிறிய, வெளிறிய, ஒன்றுக்கொன்று அளவு மாறுபட்ட அணுக்கள், தட்டணு கூடுதல். இரும்புக் குறைபாட்டின் சித்திரம் இதுதான். எம்.சி.வி.-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுத்தால் 20.6. 13-க்குக் கீழே வந்திருந்தால் தலசீமியாக் கீற்று (பரம்பரை ரத்தக் குறைபாட்டின் லேசான வடிவம்) என்று ஐயப்பட்டு ஹீமோகுளோபின் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும்.

மலைப்பகுதியில் அரிவாளணு நோயை (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) தேடாமல் இரும்பு ஏற்றக்கூடாது. இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே. இவருக்கு அதற்கான கரைதிறன் சோதனை எதிர்மறை. மலேரியா, எச்.ஐ.வி., சிறுநீர்த் தொற்று இல்லை. ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) அங்கே கிடைக்காது. இந்தத் தாளுக்கு மேல் அது தேவையும் இல்லை.

எம்.சி.வி. நார்மலாக இருந்து ஆர்.டி.டபிள்யூ. மட்டும் ஏறியிருந்தால் கதை வேறு: இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்து சராசரி நார்மலாகத் தெரியும். ரத்தத் துளிப்படம் பார்க்கத் தெரிந்த லேப் டெக்னீசியன் ஒருவர் இருந்தால் அது பிடிபடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு பி12-ஐ விட்டால் ரத்தம் தேறுவதுபோல் காட்டும், நரம்பு கெடும்.

இரும்பா, ரத்தமா

முடிவெடுப்பது எண் மட்டும் அல்ல. எண், வாரம், மூச்சு என்ற மூன்றும் சேர்ந்து. 5-க்குக் கீழே என்றால் எந்த வாரமானாலும் ரத்தம். 5-க்கும் 7-க்கும் இடையே, 34 வாரத்துக்கு முன், இதயம் தாக்குப்பிடித்தால் ஊசி வழி இரும்பு. அதே 5.8, 34 வாரத்துக்குப் பின் என்றால் ரத்தம், ஏனென்றால் இரும்பு ரத்தமாக மாற நாலைந்து வாரம் வேண்டும், பிரசவம் அதுவரை காத்திருக்காது. இதயம் தளர்ந்தால் வாரக் கணக்கே இல்லை.

ஆகவே வாரம் சரியாகத் தெரிய வேண்டும். இவர் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கடைசி மாதவிலக்குத் தேதியே இல்லை. பதிவின்போது எடுத்த முதல் ஸ்கேன் இருந்ததால் 30 வாரம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இப்போது முதன்முறையாக ஸ்கேன் எடுத்திருந்தால், வளர்ச்சி குன்றிய 34 வாரக் குழந்தையை '30 வாரம்' என்று படித்துவிடும் அபாயம் உண்டு.

மூன்றாம் பருவத்தில் கடும் ரத்தசோகை என்பதால் நிலையத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 108 வண்டியில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில், ரத்தச் சேமிப்பு வசதியுள்ள தாலுகா மருத்துவமனைக்கு.

இரும்புக் கணக்கு: எடை × (இலக்கு − இப்போதைய அளவு) × 2.4 + 500. எடை கர்ப்பத்துக்கு முந்தையதாக இருக்க வேண்டும்; அது கிடைக்காததால் பதிவின்போதைய 41 கிலோ. 41 × (11 − 5.8) × 2.4 = 512. சேமிப்புக்கு 500 சேர்த்தால் சுமார் 1,000 மி.கி. கொடுத்தது ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்: 10 மி.லி. குப்பி ஒன்றில் 500 மி.கி. அதை 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து 15 நிமிடத்தில். ஏழாம் நாள் இன்னொரு 500. ஒரே வேளையில் கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேலோ வாரத்துக்கு 1,000 மி.கி.க்கு மேலோ போகக்கூடாது; 41 கிலோ பெண்ணுக்கு 'ஒரே தடவை ஆயிரம்' போடும் வழக்கம் இந்த வரம்பை மீறும். மருந்தை நிறையத் தண்ணீரில் கலப்பதும் தவறு, மி.லி.க்கு 2 மி.கி.க்குக் கீழே நீர்த்தால் அது நிலையாக இருக்காது. டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது.

அந்த மருந்து இல்லாவிட்டால் இரும்பு சுக்ரோஸ்: 200 மி.கி. 100 மி.லி. சலைனில், 20–30 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து வேளை. மருந்து நல்லதுதான். ஆனால் மலையிலிருந்து ஐந்து முறை பஸ் ஏறி இறங்குவதில் மூன்றாவது ஊசியோடு பாதிப் பேர் நின்றுவிட்டால் ஆச்சரியப்பட முடியாது. உள்ளே படுக்க வைத்தால்தான் சுக்ரோஸ் முடியும்.

ஏற்றும்போது: இடதுபக்கமாகச் சாய்ந்து படுக்கை, முழங்கை மடிப்பைத் தவிர்த்து நல்ல நரம்பு, முதலில் சலைன் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே இரும்பு. வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை விழும்; வருடக்கணக்கில் போகாது. முகம் சிவந்து நெஞ்சு இறுக்கினால், அழுத்தம் விழாமல் இருந்தால், நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்து மெதுவாகத் தொடரலாம். அதற்கு உடனே ஏவில் (ஒவ்வாமை மருந்து) ஊசி போடுவது பழக்கம். அதுவே அழுத்தத்தை இறக்கிக் குழப்பும். முன்னெச்சரிக்கையாகவும் ஏவில் தேவையில்லை. மூச்சுத்திணறல், தடிப்பு, அழுத்த வீழ்ச்சி என்றால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மி.லி. (ஆயிரத்தில் ஒன்று) போட வேண்டும். அது சிரிஞ்சோடு தட்டில் தயாராக இருந்தால்தான் இரும்பைத் திறக்கலாம். முடிந்தபின் 30 நிமிடக் கண்காணிப்பு, குழந்தையின் இதயத்துடிப்பு. ஊசி நடக்கும் நாட்களிலும் கடைசி ஊசிக்குப் பிறகு ஐந்து நாளும் இரும்பு மாத்திரை நிறுத்தம். ஃபோலிக் அமிலம் தொடரும். அல்பெண்டசோலைச் செவிலியர் முன்னாலேயே மென்று விழுங்கினார்.

14-ஆம் நாள் 7.3. 34-ஆம் வாரம் 8.9. 37-இல் 9.9. பச்சரிசி ஆசை எண் ஏறுவதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே போய்விட்டது.

35-ஆம் வாரத்தில் வந்திருந்தால்

பேக்டு செல் (சிவப்பணுக்களை மட்டும் பிரித்தெடுத்த ரத்தம்) ஒரு யூனிட். முதல் 15 நிமிடம் மெதுவாக, பக்கத்திலேயே நின்று. மொத்தம் 3–4 மணி நேரம். பெட்டியிலிருந்து எடுத்து 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கக்கூடாது. இதயம் தளரும் அறிகுறி இருந்தால் ஃப்யூரோசெமைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து) 20 மி.கி. நரம்பு வழி, நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இல்லை. ஒரு யூனிட் ஏறத்தாழ 1 கிராம் ஏற்றும். 'நாலு பாட்டில் ரத்தம் சீக்கிரம் ஏத்துங்க' என்ற அவசரம், ரத்தசோகையில் தப்பியவரைச் சுமையில் கொல்லும். ரத்தம் ஏறிவிட்டால் இரும்பு முடிந்ததாகவும் எண்ணக்கூடாது. ஒரு யூனிட்டில் 200–250 மி.கி. இரும்புதான் இருக்கிறது, சேமிப்பு அப்படியே காலி.

பிரசவம்

38-ஆம் வாரத்தில் மலையடிவார பிரசவ காத்திருப்பு அறைக்கு வந்துவிட்டார். ரத்தவகை பார்த்து, இரண்டு கொடையாளர்களின் தொலைபேசி எண் அட்டையில். 39-இல் சுகப்பிரசவம், குழந்தை 2.6 கிலோ. பிறந்ததும் கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில். தொப்புள்கொடி இரண்டு நிமிடம் கழித்தே வெட்டப்பட்டது. குழந்தைக்குப் போகும் அந்த ரத்தம் அதன் முதல் ஆறு மாத இரும்பு. அளவுப் பையில் ரத்தப்போக்கு 350 மி.லி. கண்ணளவில் சொன்னால் எப்போதும் குறைத்தே சொல்வோம். 5.8-இல் இருந்திருந்தால் இந்த 350-ஏ இதயத்தைச் சோதித்திருக்கும்.

ஆக்சிடோசின் 2–8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. மின்வெட்டு மலையில் வெயிலில் கிடந்த ஆம்பூல் ஊசி மாதிரி தெரியும், வேலை செய்யாது. அதே வேலைக்கான மெத்தில் எர்கோமெட்ரின் கடும் ரத்தசோகையில் வேண்டாம். திடீரென்று இதயத்துக்குச் சுமை ஏற்றும். ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், ரத்தப்போக்கு தொடங்கினால், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள். முன்கூட்டியே கொடுத்தால் தடுக்குமா என்று பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியாவில் ரத்தசோகையுள்ள 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்த உமன்-2 ஆய்வில் (2023) தடுக்கவில்லை.

எங்கே தடுத்திருக்கலாம்

சூளைக்குப் போவது திடீர் முடிவு அல்ல; ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்குப் பின் லாரி வரும். ஊருக்கே தெரிந்த தேதி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட வாய்ப்பில்லாதவருக்கு ஊசி வழி இரும்பையே முதல் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்று 2018-இல் தொடங்கிய ரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. 18-ஆம் வாரத்தில், லாரி ஏறுவதற்கு முன், இரண்டு ஊசி போட்டிருந்தால் மார்ச் மாதம் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. சமவெளியில் இதே ஓட்டை வளைகாப்பு. ஏழாம் மாதம் தாய்வீடு போகிறார். இங்கே 'இடம்பெயர்ந்தார்' என்று எழுதி மூடுகிறார்கள், அங்கே புதிதாகப் பதிவதற்குள் ஆறு வாரம் போய்விடுகிறது. பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) ஒன்றுதான், ஆனால் எண் தானாகப் பேசாது. செவிலியர் செவிலியருக்குப் போன் போட வேண்டும்.

சாப்பாடு பற்றி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டப் பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் பேரீச்சம்பழமும் வருகின்றன. டானிக் கணிசமான இரும்பு, பேரீச்சை ருசி. பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் பேர் வாங்கியவை. ஆட்டுச் சுவரொட்டியில் நிஜமாகவே இரும்பு இருக்கிறது, உடம்பில் ஏறும் வகையில். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நல்லவை. கூடவே எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ இருந்தால் இன்னும் ஏறும். ஆனால் 9-க்குக் கீழே இறங்கியவரை எந்தச் சமையலும் பிரசவத்துக்குள் மேலே கொண்டுவராது.

பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள் மாத்திரை. இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு. அட்டையை மாமியார் விளக்கு மாடத்தில் வைத்திருக்கிறார். கருத்தடைக்குக் காப்பர்-டி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள், மாதவிலக்கில் போக்கு கூடும் என்பதால். ஆறு வாரம் கழித்து அந்தரா ஊசி. அன்றைக்கு ஹீமோகுளோபின் 11.2.

அதே நாளில், இடுப்பில் தூக்கி வந்த இளையதற்கும் விரலில் குத்திப் பார்த்தார் செவிலியர். இப்போது வயது இரண்டை நெருங்குகிறது, எடை 8.4 கிலோ, ஹீமோகுளோபின் 8.1. கிலோவுக்கு 3 மி.கி. கணக்கில் நாளுக்கு 25 மி.கி. இரும்பு சிரப், இரண்டு மாதம். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தாயின் அட்டையிலேயே எழுதிக் கொடுத்தார்.